கயிறு எறிந்தவரின் இரண்டு மகள்கள்

அக்கா வருகிறாள் என்று தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. வெள்ளானூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. அது என் வீட்டுக்காரருக்கு. பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு கட்டிலோடு கிடக்கிறார். நான் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன். எனக்கும் அறுபது ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். நாள் முழுக்க நின்றே பார்க்க வேண்டும். அதை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட வலி மட்டும் விடவில்லை. இதில் விருந்தாளி வேறா என்று நினைத்தேன். கூடப் பிறந்தவளை விருந்தாளி என்று நினைக்கும்படி ஆகியிருந்தது எங்கள் வாழ்க்கை.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். இலங்கையில், தலைமன்னாரில் வாழ்க்கைப்பட்டவள். நான் பாவாடை தாவணியில் இருந்தபோது அவளைக் கடைசியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு போனில் குரல்தான். இந்தச் சில வருஷங்களாக முகமும் தெரிகிறது. போன வருஷம் அத்தான் போய்ச் சேர்ந்தார். கனடாவில் இருக்கும் மகன் அவளைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான்.

"போறதுக்கு முந்தி உன்னை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்றாள் போனில்.

"நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விட்டிருக்காங்களாமே, அதுல வர்றியாக்கா?"

"எனக்கு இனிக் கடல் வேண்டாம். பறந்தே வாறன்."

மீனம்பாக்கத்தில் போய் நின்றேன். ஒரு தோள்பையோடு வெளியே வந்தாள். முகத்தைவிட நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன். கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, தரை சாய்ந்தால் சமாளிக்கத் தயாராக இருப்பதுபோல் நடப்பாள். அப்பாவின் நடை அது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் அழுகை வரவில்லை. வாடகைக் காரில் ஏறியதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து பறந்து வந்த நேரத்தைவிடப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்ட இடத்தில் நாங்கள் நின்ற நேரம் அதிகம்.

"அப்பாட கப்பல் இதைவிடச் சுறுக்கா வந்துடும்" என்றாள்.

எங்கள் அப்பா ரயில்வேக்காரர். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அவர் வேலை பார்த்தது ரயிலில் இல்லை, கப்பலில். அந்தக் கப்பல் ரயில்வேக்குச் சொந்தம். இதை இந்தப் பக்கத்தில் யாரும் நம்பியதில்லை. எங்களுக்கு மனை விற்ற நிலத்துக்காரர் வெள்ளானூரின் பழைய விவசாயக் குடும்பம். சாயங்காலமானால் அப்பாவோடு வந்து உட்கார்ந்து பீடி பிடிப்பார்.

"இன்னா நைனா கதை உடுற? ரயிலு உடறவனுக்கு இன்னாத்துக்கு கப்பலு?"

அப்பா ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வார். "எழும்பூர்ல டிக்கெட்டு எடுத்தா கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்டுண்ணே. நடுவுல கடலு வந்துருச்சு. ரயிலு நீந்துமா? அதான் கம்பெனியே கப்பலயும் வாங்கி விட்டுச்சு. இந்தக் கரைக்கு நம்ம ரயிலு, அந்தக் கரைக்கு அவுக ரயிலு, ஊடால எங்க கப்பலு."

"கடல்லயும் அவன்தானா? பலே ஆளுதான் வெள்ளைக்காரன்" என்பார் நிலத்துக்காரர். அடுத்த வாரம் அதே கேள்வியை மறுபடி கேட்பார்.

அப்பாவுக்கு அந்தக் கதையெல்லாம் மூத்த மாலுமிகள் சொல்லித் தெரிந்தது. முதலில் தூத்துக்குடியிலிருந்துதான் கொழும்புக்குக் கப்பல் போயிருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கக் கடலில். கூட்டமும் வாந்தியுமாக மனிதர்கள் நொந்துபோய் இறங்குவார்களாம். பிறகு பாம்பனில் பாலம் போட்டு, ரயிலை ராமேஸ்வரம் தீவைத் தாண்டித் தனுஷ்கோடி முனைவரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து தலைமன்னார் வரைக்கும் கடலிலும் பாலம் கட்டலாமா என்றுகூட யோசித்தார்களாம். கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டு, சீமையில் செய்த நீராவிக் கப்பல்களை வாங்கி ஓட்டினார்கள். ரயில் நேராகத் துறைமேடைக்கே வந்து நிற்கும். பெட்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் கப்பல். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனால் அந்தக் கரை. அங்கே கொழும்பு ரயில் காத்துக்கொண்டு நிற்கும்.

மேல்தட்டில் துரைமார்களும் செட்டியார்களும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து போவார்கள். கீழ்த்தட்டில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற சனம். நோய் நொடி இருக்கிறதா என்று மண்டபம் முகாமில் அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்களைக் கப்பலில் ஏற்றுவார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளைக்காரன் போய்விட்டான். கம்பெனி போய் சர்க்கார் ரயில்வே வந்திருந்தது. கப்பல்கள் மட்டும் அதேதான். தட்டுகளும் அதேதான்.

அப்பா கப்பலில் கலாசி. தளத்தைக் கழுவுவது, வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டுவது, பெட்டி படுக்கைகளை அடுக்குவது எல்லாம் அவர் வேலை. முக்கியமான வேலை கயிறு எறிவது. கப்பல் துறைமேடையை நெருங்கும்போது முனையில் நின்று, கனமான முடிச்சு போட்ட மெல்லிய கயிற்றைச் சுழற்றி எறிய வேண்டும். கரையில் இருப்பவர் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பெரிய வடம் வரும். அதை இரும்புக் குத்தியில் மாட்டுவார். தலைமன்னார்ப் பக்கம் அந்தக் கயிற்றைப் பிடித்த இளைஞர்தான் பிற்பாடு என் அத்தான் ஆனார். அவர் தாத்தா காலத்தில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து போன குடும்பம். வருஷக்கணக்காக அப்பா எறிந்தார், அவர் பிடித்தார். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை பார்க்க அதுவே போதும் என்று நினைத்துவிட்டார்.

நடுவில் அந்தப் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. நாங்கள் குடியிருந்த ரயில்வே வீடும் போயிற்று. அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரத்தில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பித்தார்கள். அப்பா, பழுதுபார்க்கக் கொண்டுபோன கப்பலோடு மண்டபத்தில் இருந்தார். துறைமேடையும் தண்டவாளமும் போன பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே கிளம்பத் தொடங்கியது. அப்பாவுக்குப் பேச்சு குறைந்துபோனது அதற்குப் பிறகுதான் என்று அக்கா சொல்வாள். எனக்குத் தெரிந்த அப்பா எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர்தான்.

அந்தக் கப்பலில் நான் போனது ஒரே தடவை. அக்காவின் கல்யாணம் முடிந்து அவளைக் கொண்டுபோய் விடப் போனோம். எனக்கு ஏழு வயது. அப்பா அன்று லீவு போடவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுமந்துபோகிற கப்பலில் அவருக்கு டியூட்டி. காக்கிச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக, எங்களைத் தெரியாதவர்போல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு திரிந்தார். அம்மா கீழ்த்தட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். கப்பலின் அடியிலிருந்து ஒரு நடுக்கம் வந்து பலகை வழியாக என் தொடையில் ஏறிக்கொண்டே இருந்தது. எண்ணெய் நாற்றம், உப்பு நாற்றம், யாரோ பிரித்த புளிசாத நாற்றம். நான் அத்தான் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். புது வேட்டி. அவர் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார்.

தலைமன்னாரை நெருங்கும்போது அப்பா முனைக்குப் போனார். கயிற்றைப் பிடிக்க வேண்டியவர் அன்று கப்பலுக்குள் மாப்பிள்ளையாக நின்றதால் மேடையில் வேறொருவர் நின்றார். அப்பா எறிந்தார். அந்த ஆள் தவறவிட்டார். கயிறு தண்ணீரில் விழுந்தது. அப்பா அதைச் சுருட்டி இழுத்து, பிழிந்து, மறுபடி எறிந்தார். எல்லோரும் இறங்கும்போது அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எதுக்குத்தா அழுவுற? கப்பலு வர்ற நாளெல்லாம் நான் வரத்தான போறேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். கப்பல் வரும் நாட்களில் அக்கா மேடைக்குப் போய் நிற்பாள். அம்மா கொடுத்துவிட்ட பொட்டலம், வாழைக்காயோ எள்ளுருண்டையோ, அப்பா கையால் அவள் கைக்கு வரும். இரண்டு நிமிஷம் பேசுவார்கள். அவ்வளவுதான். வேறு தேசத்தில் கட்டிக்கொடுத்ததுபோலவே இல்லை என்று அம்மா சொல்வாள். பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்தவர்கள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கப்பல் கிழடாகிவிட்டது. அடித்தகடு அரித்து, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். பிறகு வேறு கப்பல், வேறு நிர்வாகம் என்று மாறியபோது, ரயில்வே ஆட்கள் விரும்பினால் கரையில் ரயில்வே வேலைக்கே போகலாம் என்றார்கள். என் படிப்பு, பென்ஷன் எல்லாவற்றையும் யோசித்து அப்பா சம்மதித்தார். ஆவடிக்குப் போட்டார்கள். புறநகர் மின்சார ரயில்களை நிறுத்திக் கழுவிப் பழுது பார்க்கும் ஷெட். அப்பாவுக்கு அங்கே ரயில் பெட்டி கழுவுகிற வேலை. நீளக் கழியில் கட்டிய பிரஷ், சோப்புத் தண்ணி, ரப்பர் குழாய்.

"கடல்காரனக் கொண்டாந்து கட்டாந்தரையில போட்டுட்டாக" என்று அம்மா முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதுவும் ரயில்வேதான், இதுவும் ரயில்வேதான். தளத்தக் கழுவுனேன், இப்பப் பெட்டியக் கழுவுறேன்" என்பார் அப்பா. குறையாகச் சொன்னாரா, சமாதானமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வந்தால் ஈரக் காலோடு சுவரில் சாய்ந்து உட்காருவார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். சாப்பாடு போட எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகும் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா ஒரு பொங்கலுக்கு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் வந்து, ராமேஸ்வரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கினாள். ஆவடியில் நாங்கள் இருந்த ஓட்டு வீட்டில் பதினைந்து நாள் இருந்தாள். குழந்தை மின்சார ரயிலைப் பார்த்துவிட்டு "கப்பல், கப்பல்" என்று கத்தும். திரும்பிப் போகும்போது அடுத்த பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த பொங்கல் இல்லை. அங்கே கலவரம், சண்டை. அப்பா ஒருநாள் வேலையிலிருந்து வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே சொன்னார். "கப்பல நிப்பாட்டிட்டாகளாம்."

"எம்புட்டு நாளைக்கு?" என்றாள் அம்மா.

"தெரியல."

அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வெந்துகொண்டிருந்த சோறு அப்படியே நின்றது.

சில வருஷங்கள் கழித்துத் தலைமன்னார்ப் பக்கத்துச் சனம் உயிருக்குப் பயந்து மீன்பிடி வள்ளங்களில் இந்தக் கரைக்கு வந்தார்கள். அவர்களை மண்டபம் முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா லீவு போட்டுக்கொண்டு போனார். ஒரு வாரம் ஆள் வரவில்லை. முகாம் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் தேடியிருக்கிறார். கடைசியில் அத்தானின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அகப்பட்டார். அத்தானும் அக்காவும் பிள்ளையோடு மடு மாதா கோயில் பக்கம், உள்நாட்டுக்கு நடந்து போய்விட்டதாகச் சொன்னாராம். வள்ளத்தில் இடம் இருந்தது, இவர் கூப்பிட்டார். அத்தான் மறுத்துவிட்டார். "கப்பல்ல வந்து இறங்கினவளைக் களவா வள்ளத்தில கொண்டுபோய் அவட அப்பா முன்னால நிறுத்த என்னால ஏலாது" என்றாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். மறுநாள் காலையில் வேலைக்குப் போனார்.

"அந்தப் பயலுக்கு ரோசம் சாஸ்தி" என்று மட்டும் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவைப் பார்க்காமலே அப்பா போனார். அம்மாவும் அப்படியே. அப்பா செத்த சேதி அவளுக்குக் கிடைத்தபோது இங்கே கருமாதி முடிந்து நாளாகிவிட்டது. அவள் அப்போது வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் மற்ற சனத்தோடு இருந்தாளாம். அழ இடம் இல்லாமல் கிணற்றடிக்குப் போய் அழுதேன் என்று பிறகு சொன்னாள். சண்டை முடிந்த பிறகுதான் அவர்கள் தலைமன்னாருக்குத் திரும்பினார்கள்.

இதெல்லாம் பழசு. அவள் இங்கே வந்திருந்த நாட்களில் நாங்கள் இதைப் பேசி உருகிக்கொண்டிருக்கவில்லை. பேச நேரமில்லை. விடிந்தால் வீட்டுக்காரரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்க வேண்டும், மாத்திரை, கஞ்சி, துணி மாற்றுவது, மறுபடி புரட்டுவது. வந்த மறுநாளே அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றாள். எழுபதைத் தாண்டியவளுக்குக் கையில் அவ்வளவு பலம்.

"நீ இழுக்காதை. நான் தூக்குறன், நீ துணியை உருவு" என்றாள்.

வீட்டுக்காரர் வாய் கோணிய நிலையிலும் கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "தம்பி, நான் கடைசியில அவரையும் இப்பிடித்தான் பாத்தனான். வெக்கப்படாதையும்" என்றாள். அந்த இரண்டு வாரமும் மதியத்தில் ஒரு மணி நேரம் நான் தூங்கினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கிடைத்த மதியத் தூக்கம்.

பக்கத்து வீட்டுப் பெண், அந்த நிலத்துக்காரரின் மருமகள், அடிக்கடி எட்டிப் பார்ப்பாள். "இன்னாக்கா, உங்க அக்கா பேசறது பாதி புரியல, ஆனா கேக்க சோக்கா கீது. இங்கியே வச்சிகினு இரு. உனக்கும் ஒரு தொணையா கீது" என்றாள். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

அப்பா வேலை பார்த்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். உள்ளே விட மாட்டார்கள், ரயிலிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்ணை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அவளை ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பெட்டிகள் வரிசையாக நிற்கிற இடம் வந்ததும் கை காட்டினேன். இரண்டு ஆட்கள் நீளக் கழியால் ஒரு பெட்டியின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. ரயில் வேகமெடுத்து அதைத் தாண்டிவிட்டது.

"இதிலயா?"

"இதுலதான்."

"எத்தினை வருசம்?"

"ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

அம்பத்தூரில் கூட்டம் ஏறி எங்கள் முழங்காலில் வந்து இடித்தது. "அப்பா ஆவடிக்கு மாறிப் போன பிறகும் நான் கொஞ்ச நாள் மேடைக்குப் போனனான்" என்றாள். "கப்பல் வரும். வேற ஆரோ கயிறு எறிவான். உன்ர அத்தான் பிடிப்பார். என்னைப் பாத்து, வீட்ட போ எண்டு கையால காட்டுவார். அப்பிடியும் கொஞ்ச நாள் போனன். பிறகு விட்டிட்டன்."

அம்பத்தூர் தாண்டியதும் இறங்கி, மறு நடைமேடையில் ஏறித் திரும்பி வந்தோம். திரும்பும்போது எங்கள் பக்கத்து ஜன்னலில் ஷெட் வரவில்லை.

அவள் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போனோம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வெள்ளிக்கிழமைக் கூட்டம். வரிசையில் நின்று நின்று என் கால் மரத்துப்போனது. தரிசனம் முடிந்து, எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பிராகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்தோம். அப்போதுதான் கேட்டாள்.

"எனக்குக் கனடாவுக்குப் போக விருப்பம் இல்லை. பனி, குளிர், பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போனா நான் தனியச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கோணும். இஞ்ச உன்னோட இருக்கலாமோ எண்டு பாக்கத்தான் வந்தனான்."

ஒரே அறை, ஒரே கழிவறை, வீட்டுக்காரரின் பென்ஷன், விசா அலுவலகத்தில் நிற்க வேண்டிய வரிசைகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. அவள் கை பலமாக இருப்பதும் ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்ச வருஷத்தில் அந்தக் கையும் ஓய்ந்து, அவளையும் நான் புரட்டிப் போட வேண்டி வரும் என்பதும் ஞாபகம் வந்தது.

"இரு அக்கா. இங்கேயே இரு. எப்படியாவது பாத்துக்கலாம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். வீங்கியிருந்த கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். அழுத்திய இடம் குழிந்தே இருந்தது.

"நீயே ஏலாமக் கிடக்கிறாய். நான் வந்து இன்னொரு கட்டில் போட்டா நீ செத்துப்போவாய்."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"நான் பாத்திட்டுத்தான சொல்லுறன். உன்னிலை கோவம் இல்லை. எனக்கு இப்ப ஆறுதலாக் கிடக்கு, நீ இரு எண்டு சொன்னதுக்கு."

"அப்போ கனடாவா?"

"அதுவும் இல்லை. என்ர வீடு தலைமன்னாரிலதான கிடக்கு. கூரை ஒழுகாது. கிணத்தில நல்ல தண்ணி. அயல் சனம் இருக்கினம். ரயில்கூட இப்பத் திரும்பவும் பையர் வரைக்கும் வருது. கடைசி ஸ்டேசனில இறங்கி நடந்தா என்ர வாசல்."

பையர் என்பது துறைமேடை. அந்தச் சொல்லை அப்பா வாயில் கேட்டது. கப்பல் இல்லாத மேடைக்கு ரயில் எதற்கு வருகிறது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அது கடைசி ஸ்டேஷன், வீட்டுக்குப் பக்கம். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் கத்தியது கூடத்தில் எனக்கே கேட்டது. டிக்கெட் போடப் போகிறேன், எல்லாம் பேசி முடித்த பிறகு இதென்ன என்றான். அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். கடைசியில், "நீ வருசத்துக்கு ஒருக்கா வந்து பார். உன்ர அப்பா திரும்பி வந்த பிறகு கடைசிவரைக்கும் அந்த ஊரை விடேல்லை, நானும் விடமாட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு எழுந்து போய் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுத்தாள்.

கிளம்புகிற நாள் காலையில் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அவர் இடது கையைத் தூக்கினார். ஏதோ சொன்னார். எனக்கே புரியவில்லை. அவள், "ஓம், ஓம், தங்கச்சி பாத்துக்கொள்ளுவா" என்றாள், புரிந்ததுபோல. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பொட்டலத்தில் முறுக்கு கொண்டுவந்து கொடுத்து, "அடுத்த தபா வர்றப்ப மாசக்கணக்குல தங்கணும், இன்னா?" என்றாள். அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

விமான நிலையத்தில் உள்ளே போகும் வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக்குள் கொஞ்ச தூரம் அந்த அகட்டிய நடை தெரிந்தது. திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். யாரோ ஒரு சிப்பந்தி அவளிடம் ஏதோ கேட்க, அவள் பாஸ்போர்ட்டைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டே கூட்டத்தில் மறைந்துபோனாள்.

கார் வைத்துக்கொள்ள மனசில்லாமல் பஸ் பிடித்துப் பூந்தமல்லி வந்தேன். ஆவடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோதுதான் தூங்கிப்போயிருந்தது தெரிந்தது. ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வெள்ளானூர் வந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டு, வீட்டுக்காரரின் படுக்கையைப் பார்த்தேன். நனைந்திருந்தது. ஒரு பக்கம் நானே தூக்கி, நானே உருவி, துணியை மாற்றினேன். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"வந்து சேந்திட்டன். பஸ், ரயில் எல்லாம் மாறி வாறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு. நீ சாப்பிட்டியோ?"

"இன்னும் இல்லக்கா. அவருக்குக் குடுத்துட்டுச் சாப்பிடணும்."

"அவருக்குப் பிறகு குடுக்கலாம். நீ முதல்ல சாப்பிடு. வையிறன், முற்றமெல்லாம் சருகு, கூட்டோணும்."

வைத்துவிட்டாள். நான் அடுப்படிக்குப் போய், காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டேன்.